மார்லிஸ் வெட்டிய சோளம்

டிரக்கை ஓரங்கட்டிவிட்டு, பின்னாலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியை எடுத்து வந்து, சரளைச் சாலை நாற்சந்தியில் சேரும் இடத்தில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருகிறாள் மார்லிஸ். காரில் இருப்பவருக்குக் கண் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரம். இடது பக்கம் பார்க்கிறாள். வலது பக்கம் பார்க்கிறாள். மக்காச்சோளம் பார்வையை மறித்தால் எழுந்துபோய் ஒரு தட்டையில் ஆரஞ்சு நாடா கட்டுகிறாள். நாடா வரைக்கும் மாலைக்குள் வெட்டியாக வேண்டும். யார் வயல் என்று பார்ப்பதில்லை.

“முட்டி கத்துது கேட்டியா? எண்ணெய் போட மறந்துட்டேன்” என்பாள், எழும்போதெல்லாம். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைக் கேட்க வேண்டியிருக்கும்.

கவுண்டியின், அதாவது எங்கள் சிறு மாவட்டத்தின், சாலைத் துறையில் பலகை நடுவதும் ஓரம் வெட்டுவதும் அவள் வேலை. வயது ஐம்பத்தெட்டு. தலையில் விதைக் கம்பெனித் தொப்பி, பையில் உரித்த சூரியகாந்தி விதை. நான் இந்த ஊர் வாரப் பத்திரிகையை நடத்துகிறவன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். இந்தக் கோடையில் சில நாட்கள் அவள் டிரக்கில் கூடப் போனேன்.

எங்கள் கவுண்டியில் ஆட்கள் ஒன்பதாயிரம், பன்றிகள் மூன்று லட்சம். அடிபடுவதற்கும் இங்கே பருவம் உண்டு. ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பெலும்பு. ஏப்ரலில் பள்ளத்தில் கவிழும் டிராக்டர். அக்டோபரில் தானியக் குதிருக்குள் இறங்கியவர் கழுத்துவரை புதைவார். நவம்பரில் மான் காரின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு மடியில் வந்து விழும். ஆகஸ்டில் சோளம், அது சும்மா நின்றே ஆளைக் கொல்லும். மார்லிஸ் சாலைகளை எண் வைத்துச் சொல்ல மாட்டாள். “கெவின் இடுப்பு போன மேடு” என்பாள். “டாக்டர் பொண்ணு மானுக்கு முத்தம் குடுத்த வளைவு” என்பாள். ஒரே ஒரு சந்திப்புக்கு மட்டும் எண்ணைச் சொல்வாள்: முந்நூற்றிருபதாம் தெரு. சொல்லிவிட்டு வெளியே பார்ப்பாள்.

அந்தச் சந்திப்பின் மூலை வயல் அவள் தம்பி கர்ட்டுடையது. இரண்டு வருடம் முன்பு, ஆகஸ்ட் தொடக்கத்தில், தானியக் கூட்டுறவுக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஆர்லன் அவளைப் பிடித்தார். கிராமத்து வீடுகளுக்கு முப்பத்தோரு வருடமாகத் தபால் கொண்டுபோகிறவர். அன்றுவரை ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை.

“ஏம்மா மார்லிஸ், உன் தம்பி சோளம் போட்டிருக்கானா, கோட்டைச் சுவர் கட்டியிருக்கானா? மூக்கை ரோட்டுல நீட்டினாத்தான் வண்டி வர்றது தெரியுது.”

“நீ மூக்கை நீட்டாத இடம் எது ஆர்லன்? பாத்துக்கறேன், விடு.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று மாலையே அவள் கர்ட்டுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, அறுப்புக்கு ஆறு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள யாரு சாகப்போறா? ஊரான் வயல்ல போய் அதிகாரத்தைக் காட்டு.”

அவள் காட்டவில்லை. தம்பியோடு ஏற்கெனவே அப்பா நிலத்தைப் பிரித்ததில் மனத்தாங்கல். இன்னொன்று வேண்டாம் என்று நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் காலை, அதே சந்திப்பில், சரளை ஏற்றி வந்த லாரி ஆர்லன் காரின் பக்கவாட்டில் மோதியது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். இடுப்பும் இடது காலும் நொறுங்கின. உயிர் தங்கியது. ஆனால் தலையில் பட்ட அடியில் அந்த மாதமே அவர் நினைவிலிருந்து போய்விட்டது.

அன்று மாலை, உடைந்த கண்ணாடியை ஷெரிப் அலுவலகப் போலீசார் பெருக்கிவிட்டுப் போனதும், மார்லிஸ் வெட்டும் எந்திரத்தோடு வந்தாள். அந்த மூலைச் சோளத்தை அறுபது அடிக்கு வெட்டினாள். வெட்டிய தட்டைகளை ஒன்றுவிடாமல் வாரி ஏற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை நான் படம் எடுக்கப் போனேன். அடிக்கட்டைகளில் ஈரம் காயவில்லை. பார்த்தேன். எதுவும் கேட்காமல் திரும்பி வந்து, “தபால்காரர் கவனிக்கவில்லை எனத் தெரிகிறது” என்று அச்சிட்டேன். இரண்டு நாள் கழித்து வந்த காப்பீட்டு ஆளுக்கு மைல் கணக்கில் சாலை தெளிவாகத் தெரிந்தது. புகார் ஏதும் வந்ததா என்று கேட்ட தாளில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் மார்லிஸ்.

தேவாலயத்துப் பெண்கள் முறைபோட்டு ஆர்லன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள். மார்லிஸின் முறை வியாழக்கிழமை. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சுட்ட பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடி வரப் பார்ப்பாள். அவர் விட மாட்டார்.

“முப்பத்தோரு வருஷம் ஓட்டின திமிரு, மார்லிஸ். பாக்காம நுழைஞ்சிருக்கேன். அந்த லாரிக்காரப் பையனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பாவம், தூக்கமே வரலையாம்.” கார்ச் சாவியைத் தம்பி மகளிடம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். இனி ஓட்ட மாட்டாராம்.

அந்த வியாழக்கிழமைகளை அவள் பிப்ரவரி வரைக்கும் தாங்கினாள். பிறகு ஒரு நாள், பாத்திரத்தைக் கீழே வைக்காமலே, அவர் சமையலறையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். அவளே எனக்குச் சொன்னது இது.

ஆர்லன் திட்டுவார் என்று நின்றாள்.

“அப்ப நான் பாத்தேனா?” என்றார். “பாத்துட்டுத்தான் போனேனா?”

“பாத்திருப்ப ஆர்லன். பாக்க ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

“ஆறு மாசமா நான்... என்னை நானே... நீ வாராவாரம் வந்து, இங்க உக்காந்து, அதைக் கேட்டுக்கிட்டே இருந்தியா?”

அவள் பாத்திரத்தை மேசையில் வைக்கப் போனாள்.

“பாத்திரத்தை எடுத்துக்கிட்டுப் போ.”

அடுத்த செவ்வாய்க்கிழமை கவுண்டி சபையில் எழுந்து நின்று அதையே திரும்பச் சொன்னாள். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, “வெட்டாதது ஒரு தப்பு. வெட்டுனது அதைவிடப் பெரிய தப்பு” என்றாள். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து என் பங்கைச் சொல்லவில்லை. அவள் சொன்னதை முதல் பக்கத்தில் போட்டேன். நான் பார்த்த ஈரக் கட்டைகளை இன்று இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

விபத்து இழப்பீட்டு வழக்கு ஆர்லனுக்குச் சாதகமாகத் திரும்பியது. கர்ட் அக்காவோடு பேச்சை நிறுத்தினான். நான்கு மாதம் அவளை வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள். அந்த வேலைக்கு வேறு யாரும் மனுப் போடாததால் திரும்ப அழைத்தார்கள். “என் யோக்கியதைக்காக இல்ல, முட்டி கத்தினாலும் வேற ஆள் கிடைக்கலன்னு கூப்பிட்டாங்க” என்கிறாள். சிரிப்பது போலத்தான் சொல்கிறாள். கூட்டுறவுக் கடைக்குள் இப்போது வருவதில்லை. காபியை டிரக்கிலேயே குடிக்கிறாள்.

போன வாரம், தெற்குச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஒரு பழைய நீலக் கார் மெதுவாக வந்தது. ஓட்டி வந்தவர் ஆர்லன். அவர் மறுபடி ஓட்டத் தொடங்கியது எங்களுக்குத் தெரியாது. மார்லிஸ் விதை மெல்வதை நிறுத்தினாள்.

எங்கள் பக்கத்தில் எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவோம். அறியாதவருக்கும் உண்டு அது. கார் எங்களைக் கடக்கும்போது ஆர்லனின் விரல் எழுந்தது. எனக்காகவும் இருக்கலாம். மார்லிஸின் வலது கை ஸ்டியரிங்கை விட்டுக் கொஞ்சம் மேலே வந்தது. பிறகு அந்தக் கையை இறக்கி, தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.