‘பைய’ என்றால் பாய்ச்சல்

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி போகும் பேருந்தில் இருக்கிறேன். வழியில் பழுதாகி நிற்கும் வேனிலிருந்து பல்கலைக்கழகப் பெண்கள் கபடி அணி இறங்கி ஓடிவந்து எங்கள் பேருந்தில் ஏறுகிறது. சேரன்மகாதேவியில் இறுதி ஆட்டம். நேரத்துக்குப் போகாவிட்டால் ஆடாமலேயே தோல்வி.

பதற்றம் தாங்காமல் கைதட்டிக் கத்துகிறார்கள்: “பைய! பைய! பைய!”

டிரைவர் நிஜமாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்.

“ஐயோ அண்ணாச்சி, அது எங்க டீம் கோஷம்! நீங்க வெரசா போங்க!” என்று அலறுகிறாள் கேப்டன்.

“மெதுவாப் போகச் சொல்லியா ஒரு கோஷம்?” என்று கேட்கிறேன்.

“மொத மேட்ச்ல நான் கபடி பாடிப் போகும்போது எங்கம்மை பயந்துபோயி, ‘ஏட்டி, பைய போ! விழுந்திராத!’ன்னு கத்துனா. கேட்டதும் எனக்கு வெறி வந்துட்டு. மூணு பேர அவுட்டாக்கிட்டுத்தான் திரும்புனேன். அன்னைக்கிலேருந்து எங்களுக்கு ‘பைய’ன்னா பாய்ச்சல்தான்!”

டிரைவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். “அப்பம் நானும் பையவே போறேன், எல்லாரும் கம்பியப் பிடிச்சுக்கிடுங்க!”

மைதானத்து வாசலில் அவர்கள் குதித்து இறங்கும்போது எதிரணி இப்போதுதான் கோட்டுக்குள் வந்து நிற்கிறது. பேருந்தே ஜன்னல் வழியாகத் தலைநீட்டிக் கத்துகிறது. திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்த நான், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடுகிறேன்.