போட் பார்க்கப் பேசாலைக்குப் போன நாள்

காலை ஆறே கால் மணிக்கு வவுனியாவிலிருந்து மன்னார் பஸ் புறப்பட்டது. என் மகள் ஷாலினி மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. போட்டை நாங்கள் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் அவளுடைய அப்பா லைஃப் ஜாக்கெட் வாங்கி வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஜெயம் எப்போதும் அப்படித்தான்.

"பிள்ளை, இந்தப் பஸ்ஸும் தாழுமோ?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெயம் பேசாலையில் பிறந்தவர். பன்னிரண்டு வருடமாக வவுனியாவில் லொறி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கடலில் போய்வர ஒரு போட் வேண்டும் என்று ஒரு வருடமாக ஒற்றைக்காலில் நின்றார். அதுவும் ஜெட் போட். என் ஆட்களோ மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் மலையிலிருந்து வழியும் பீலி, கிணறு, மிஞ்சினால் குளம். அதனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். முதலில் நான் ஏறிப் பார்ப்பேன். எனக்கு மனம் சரி என்றால்தான் பிள்ளை ஏறலாம். நான் வேண்டாம் என்றால் போட் வேண்டாம். அவரும் தலையாட்டியிருந்தார்.

முருங்கன் தாண்டியதும் வெளி அகன்றுகொண்டே போனது. எட்டே முக்காலுக்கு மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தின் மேல் வந்தோம். இரண்டு பக்கமும் கடல். வவுனியாவிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவு வந்திருக்கிறோம், அந்தப் பாலத்தின் மூன்று கிலோமீட்டர்தான் எனக்கு நீண்டதாக இருந்தது. மன்னார் பஸ் நிலையத்தில் தேநீர் குடித்துவிட்டுத் தலைமன்னார் பஸ்ஸில் ஏறினோம். தோட்டவெளிக்கு அருகே கழுதைகள் ரோட்டை மறித்து நின்றன. அவை விலகாமலே இருந்திருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

பத்து மணி, பேசாலைக் கடற்கரை. கருவாட்டு வாசனையும் பெற்றோல் வாசனையும் கலந்து அடித்தன. போட்டை விற்பவர் பிலிப்பு அண்ணை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மனைவி றீற்றா அக்கா மீனவர் கொட்டிலான வாடிக்கு முன்னால் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தா. போட் வெள்ளையும் நீலமுமாகப் பளபளத்தது. பதினேழு அடி நீளம், ஆறு பேர் இருக்கலாம். முன்பு ஒரு ஹோட்டலில் உல்லாசப் பயணிகளை ஏற்றிய போட். விலை இருபத்திரண்டு இலட்சம்.

"இதுக்கு வெளியில சுத்துற விசிறி இல்லைத் தங்கச்சி," என்றார் பிலிப்பு அண்ணை. "அடியால தண்ணியை இழுத்துப் பின்னால பீச்சியடிக்கும். பிள்ளையள் பக்கத்தில நீந்தினாலும் காலை வெட்டாது. முழங்கால் தண்ணியிலயும் ஓடும்."

"அப்ப சுக்கான்?"

"சுக்கானும் இல்லை. பீச்சுற தண்ணியாலதான் திரும்பும்."

பக்கத்தில் நின்ற பிலிப்பு அண்ணையின் தம்பி மரியானையும் ஜெயம் போட்டில் ஏறக் கூப்பிட்டார். அந்த மனிதர் இரண்டடி பின்னால் போனார். "அண்ணை ஏறினா நான் ஏறமாட்டன். நீங்கள் போயிட்டு வாங்கோ." அண்ணன் தம்பிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாற்பதுக்குப் பிலிப்பு அண்ணையோடு நானும் ஜெயமும் கரையை விட்டோம். ஷாலினி வருவேன் என்று அடம்பிடித்தாள். அவளை றீற்றா அக்காவிடம் விட்டோம். சோழகக் காற்று எங்கள் முதுகுப் பக்கமாக, கரையிலிருந்து கடலுக்கு வீசியது. அதனால் கரையோரம் தண்ணீர் அலையே இல்லாமல் கிடந்தது. போட் கிளம்பிய வேகத்தில் என் வயிறு கரையிலேயே நின்றுவிட்டது. ஆனால் ஜெயத்தின் முகத்தை ஒருமுறை பார்த்தேன். ஷாலினி பிறந்த அன்று அப்படி மலர்ந்த முகத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகு அன்றுதான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன் என்று கவலையாக இருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். திடீரென்று எஞ்சின் பெரிதாக அலறியது, போட் நகரவில்லை. பிலிப்பு அண்ணை எஞ்சினை நிறுத்தி, பின்பக்க மூடியைத் திறந்து தோள் வரை கையை விட்டார். கைப்பிடி கைப்பிடியாகச் சாதாளை வந்தது. இந்தக் கடலின் அடியில் புல்வெளி போல வளர்கிற கடற்புல் அது. பிறகு கை நின்றது.

"வலைத் துண்டும் சுத்தியிருக்கு. கத்தி எட்டாது."

"நங்கூரத்தைப் போடுங்கோ," என்றார் ஜெயம்.

பிலிப்பு அண்ணை அவரைப் பார்க்காமல் பதில் சொன்னார். "வடிவாக் கழுவித் துடைச்சு வைச்சனாங்கள், நீங்கள் வாறியள் எண்டு. நங்கூரமும் கயிறும் வாடியில கிடக்கு."

துடுப்பும் வாடியில்தான் கிடந்தது. சுக்கான் இல்லாத போட் மெல்லக் குறுக்கே திரும்பியது. கரையிலிருந்து பார்க்கக் கண்ணாடி போல இருந்த கடல் இங்கே மடித்து மடித்து வந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் போட் ஒரு பக்கம் சரிந்தது. காற்று எங்களை வடக்கே தள்ளியது. பிலிப்பு அண்ணை போனில் தம்பியைக் கூப்பிட்டார். இரண்டு முறை அறுந்து, மூன்றாம் முறை கிடைத்தது. பிறகு ஜெயத்திடம் தணிந்த குரலில், "இப்பிடியே இழுத்தா இந்திய எல்லைப் பக்கம் போயிடும்," என்றார். எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் தணிந்து சொன்னார்.

"பயப்பிடாதையும், மரியான் வாறான்," என்றார் ஜெயம்.

ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. "உங்கட தம்பி ஏன் அண்ணை எங்களோட வரேல்லை? கோபமோ?"

"கோபமோ? சீச்சீ. நாங்கள் அண்ணன் தம்பி ஒரு போட்டில ஏறுறேல்லை. எங்கட ஐயா காலத்திலயிருந்து அப்பிடித்தான். ஒராள் போனாலும் வீட்டைப் பாக்க மற்றாள் இருக்கோணும்."

நான் ஜெயத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேருமே கரையைப் பார்த்தோம். அங்கே ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மாதாவே என்றும் கூப்பிட்டேன், மாரியம்மா என்றும் கூப்பிட்டேன். இந்த ஊரில் பிறந்த மனிதர், அந்த வழக்கத்தை லொறியில் ஏறிய நாளில் மறந்துவிட்டார். எனக்கு அது தெரியவே தெரியாது. பிள்ளைக்காக முதலில் ஏறிப் பார்க்கிறேன் என்று கெட்டித்தனமாக நினைத்து, அவளைத் தனியாகக் கரையில் விட்டுவந்திருக்கிறோம்.

பதினொன்று ஐம்பதுக்கு மரியானின் வள்ளம் வந்தது. அவர் கயிற்றை எறிந்தார். அண்ணனை ஏசவும் இல்லை. கட்டி இழுத்துக்கொண்டு போனார். கரைக்கு வரும்போது பகல் ஒரு மணி.

ஷாலினி ஓடி வரவில்லை. றீற்றா அக்காவின் பக்கத்தில் நின்றபடியே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டிப்பிடித்தபோது என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "ஏன் மரியான் உங்களோட போகேல்லை எண்டு பிள்ளை கேட்டவள். நானும் யோசிக்காமல் எங்கட வழக்கத்தைச் சொல்லிப்போட்டன்," என்றா றீற்றா அக்கா. மீன்குழம்போடு சோறு தந்தா. ஜெயம் பிலிப்பு அண்ணையிடம், "நாளைக்குச் சொல்லுறன்," என்று மட்டும் சொன்னார். ஆசை இன்னும் விடவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மாலை ஐந்தரைக்கு வவுனியா. காலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை விட்டிருந்தோம். வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர். வழக்கம் போல அவர் முன்னால், ஷாலினி நடுவில், நான் கடைசியில். ஷாலினி ஏறி உட்கார்ந்தாள். லைஃப் ஜாக்கெட்டை அவள் இன்னும் கழற்றவில்லை. நான் காலைத் தூக்கியபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"அம்மா, நீங்கள் ஓட்டோவில வாங்கோ."

ஜெயம் சிரிக்கப்போனார். அவளுடைய முகத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. இறங்கி நின்று போனை எடுத்தார். "அண்ணை, போட் வேண்டாம். ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓட்டோ பிடித்து அவர்களுக்குப் பின்னாலேயே போனேன். ஆறு கிலோமீட்டரும் அந்த மஞ்சள் ஜாக்கெட் எனக்கு முன்னால் போனது. நிமிடத்துக்கு ஒருமுறை ஷாலினி கழுத்தைத் திருப்பி, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே போனாள்.