குழாய்க்குப் பின்னால் இருந்த நிறம்

"கண்ணு, உன் சுவத்துல கொஞ்சம் சுரண்டிக்கட்டுமா?" என்று அடுத்த பாதி வீட்டு நெரிஸ் பிரைஸ் கேட்டபோது, வெண்ணெய்க் கத்தி ஏற்கெனவே சுவரில்தான் இருந்தது.

ஏப்ரல் மாதக் காலை, மணி ஏழு. மாரெட் கையில் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்றாள்.

"எதுக்கு, மிஸஸ் பிரைஸ்?"

"நிறத்துக்கு. என் பக்கத்தையும் இதே மாதிரி அடிச்சிடப் போறேன். ஒரே கூரை, ஒரே புகைபோக்கி. மூஞ்சி மட்டும் பாதி மீசை மழிச்ச மாதிரி நிக்குது பாரு."

"இந்த நிறத்தையா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

நன்றாக இல்லை. டீயில் விழுந்த பிஸ்கட்டின் நிறம் அது. முன்னால் அங்கே குடியிருந்த படகுக்காரர் அடித்துவிட்டுப் போனது. அதை ஒழிக்கவென்றே மாரெட் மார்ச் மாதம் இரண்டு டப்பா நீலப் பெயின்ட் வாங்கிக் கொட்டகையில் வைத்திருந்தாள். மழையில்லாத ஒரு வாரம் வரட்டும் என்று காத்திருந்தாள். அந்த வேல்ஸ் கடற்கரையில் அப்படி ஒரு வாரம் வருவது அபூர்வம். நீலம் அடிக்கப்போவதை அப்போதே சொல்லியிருக்கலாம். நகராட்சி அறிவிப்புகளை வெல்ஷிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து வெல்ஷுக்கும் மாற்றுவது அவள் வேலை. இரண்டு மொழியிலும் அந்த ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வரவில்லை.

"தாராளமா எடுத்துக்குங்க" என்றாள்.

"நல்ல பொண்ணு." பெயர்ந்த பெயின்ட் சில்லை ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு நெரிஸ் போய்விட்டாள்.

நெரிஸுக்கு அறுபத்தெட்டு வயது. கடற்கரை ஓட்டலின் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவள். ஆயிரம் தலையணை உறைகளில் ஒன்று மட்டும் ஒரு வெளுப்பு கூடுதலாக வெளுத்திருந்தாலும் இழுத்து வெளியே எறிந்துவிடுவாளாம். நடக்கும்போது அந்த மிட்டாய் டப்பா ஏப்ரன் பையில் கலகலவென்று ஒலிக்கும். கடையில் அந்தச் சில்லுக்கு ஈடாகக் கலந்து வாங்கிய சாம்பிள் பெயின்ட் ஒவ்வொன்றையும் தன் வீட்டு முகப்பில் கையகலத்துக்குப் பூசுவாள், கீழே பென்சிலால் எண் போடுவாள், தெருவைத் தாண்டி எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். பஸ்ஸுக்கு நிற்பவர்களையும் விடமாட்டாள். "ஏழாம் நம்பரா, ஒன்பதா? சட்டுனு சொல்லுப்பா, உன் பஸ் வந்திடும்." மே மாத முடிவில் பதினோரு திட்டுகள் இருந்தன. மூன்றாம் திட்டுக்கு ஆதரவாக ஒரு டிரைவர் தினமும் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

மழை பெய்தால் கதவு தட்டப்படும். "கண்ணு, வெளிய வா, ஈரத்துல எப்படி இருக்குன்னு பாரு." வெயில் வந்தாலும் தட்டப்படும். மாரெட் ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் செருப்பை மாட்டுவாள்.

பெயின்ட் கடை ஹெவினும் நொந்துபோயிருந்தான். "மிஸஸ் பிரைஸ், உங்களக் கண்டாலே கலர் கலக்கற என் மெஷின் சூடாயிடுது."

"மெஷினுக்குக் கண்ணு கிடையாது, ஹெவின். உனக்கு இருக்கு. தொடச்சிட்டுப் பாரு."

ஜூலையில் நெரிஸ் மாரெட்டின் கொட்டகையிலிருந்து ஏணியை இரவல் எடுத்துத் தன் முகப்பு முழுவதையும் நான்கு நாளில் அடித்து முடித்தாள். காய்ந்த பிறகு பார்த்தால், பழுத்த ஆப்ரிகாட் மாதிரி மின்னியது. பிஸ்கட் எங்கேயோ, அது எங்கேயோ.

தப்பு சில்லில். பிறத்தியார் சுவரில் வடு தெரியக் கூடாதே என்ற மரியாதையில், மழைநீர்க் குழாய்க்குப் பின்னாலிருந்து சுரண்டியிருந்தாள். வெயிலும் உப்புக்காற்றும் ஒன்பது வருடமாகத் தொடாத இடம் அது.

"வெளுத்த துணியோடயே வாழ்ந்தவ நான். சுவரும் வெளுக்கும்னு எனக்குத் தோணலியே!"

"இதுவே அழகா இருக்கு, மிஸஸ் பிரைஸ். விட்டுடுங்களேன்."

"உன் சுவரோட சின்ன வயசுப் போட்டோவ என் வீட்டுல மாட்டி வைக்கச் சொல்றியா?"

மறுபடி ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பம். அன்று மாரெட்டுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அப்படி என்னதான் அவசியம் இதுக்கு?"

நெரிஸ் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஈஸ்டர் அப்போ பஸ் ஸ்டாப்புல ஒருத்தி புருஷன்கிட்ட, 'அந்தப் பாதி காலியாக் கெடக்கு போல, விலைக்கு வருமா கேளு'ன்னா. நான் ஜன்னல்கிட்டதான் உக்காந்திருந்தேன். கையக்கூட ஆட்டினேன்."

அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் போவதையே மாரெட் நிறுத்திவிட்டாள்.

செப்டம்பர் முடிவில் நெரிஸ் அவளைக் கையைப் பிடித்து பஸ் நிறுத்தத்துக்கு இழுத்துப் போனாள். இரண்டு வீடும் ஒரே வீடாக நின்றன. கோடு எங்கே என்று தேடினாலும் தெரியவில்லை. முழுக்க முழுக்க, மூலைக்கு மூலை, டீயில் விழுந்த பிஸ்கட்.

"அச்சு அசலா இருக்கு" என்றாள் மாரெட், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருக்கட்டும். உன் கொட்டகையில இருக்கற நீலத்த எப்ப அடிக்கப் போறே?"

மாரெட்டுக்கு முகம் சூடேறியது. "எப்போ பாத்தீங்க?"

"ஏணி எடுக்க வந்தப்பவே. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

"தெரிஞ்சுமா திரும்ப முதல்லேர்ந்து அடிச்சீங்க?"

"நீ என்னிக்கு வாயத் தெறப்பேன்னு யாருக்குத் தெரியும்? அதுவரைக்கும் நான் காலி வீட்டுல இருக்கவா?"

"நீல டப்பாவுல கலர் நம்பர் இருக்கு, மிஸஸ் பிரைஸ். உங்க பக்கத்துக்கும் அதே நம்பர வாங்கிடலாம்."

"நம்பர் வெயில்ல காஞ்சு பாத்திருக்கியா நீ?"

நெரிஸ் மிட்டாய் டப்பாவைத் திறந்தாள். பிஸ்கட் நிறச் சில்லுகளை நிறுத்தத்துக் குப்பைக்கூடையில் கொட்டினாள். உள்ளே ஏப்ரன் நுனியால் நன்றாகத் துடைத்து, காலி டப்பாவை மாரெட்டின் முன்னால் நீட்டினாள்.

"அடிச்சுக் காஞ்சதும் ஒரே ஒரு சில்லு எடுத்து இதுல போட்டுக் குடு, கண்ணு. குழாய்க்குப் பின்னாலேர்ந்து வேணாம்."