நெருப்பில்லாத சிகரெட்

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பெயிண்டும் தின்னரும் புழங்குகிற இடம். உள்ளே யாரும் பற்றவைக்கக் கூடாதென்று சட்டம் போட்டவனே நான்தான். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்று குடித்துவிட்டு வருவேன்.

துபாயில் வேலை பார்க்கும் என் மச்சினன் ஒரு லீவுக்கு வந்தபோது, பேனாவைவிடச் சற்றுத் தடிமனான கருவி ஒன்றை என் கையில் கொடுத்தான். அதில் செருகுகிற புகையிலைக் குச்சிகளும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருந்தான்.

“மாமா, இதுல நெருப்பே இல்லீங்க. புகையிலையை எரிக்காது, சூடு மட்டும்தான் பண்ணும். நானும் இதுக்கே மாறிட்டேன்.”

சாம்பல் இல்லை. சட்டையில் நாற்றம் இல்லை. என் மனைவிக்குப் பெரிய நிம்மதி. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் ரோட்டைத் தாண்ட வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. காரில், வீட்டில், சாப்பிட்டு எழுந்ததும் என்று நினைத்த நேரத்தில் இழுத்தேன்.

ஒருநாள் குச்சிகள் தீர்ந்தன. நம் நாட்டில் அதை விற்கத் தடை. மறுநாள் காலையிலிருந்தே தலைவலி. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வெல்டரைப் பிடித்துக் கத்தினேன். சாயங்காலம் காபியில் சர்க்கரை குறைவென்று டம்ளரைத் தள்ளிவிட்டேன்.

சிந்தின காபியைத் துடைத்துக்கொண்டே மனைவி கேட்டாள்: “ஏனுங்க, உட்டுட்டேன்னுதான சொன்னீங்க? உட்டவருக்கு எதுக்குங்க இத்தனை கோவம்?”

அவளே மருத்துவரிடம் கூட்டிப்போனாள். நடுத்தர வயதுப் பெண்மணி, பொறுமையாகக் கேட்டார்.

“எரியறதால வர்ற தாரு, கரியெல்லாம் இதுல குறைவா இருக்கலாம். நிகோட்டின் அப்படியில்லைங்க. மூச்சோட நுரையீரலுக்குப் போயி, கிட்டத்தட்ட சிகரெட் மாதிரியே சீக்கிரமா ரத்தத்துல கலந்துரும். கொஞ்சம் குறைஞ்சாலும், நீங்களே இன்னும் நாலு இழுப்பு இழுத்து சரிக்கட்டிக்குவீங்க. நீங்க சிகரெட்டைத்தான் மாத்தியிருக்கீங்க. பழக்கம் அப்படியேதான் இருக்குது.”

என்னைக் குற்றவாளியாகப் பார்க்காமல் அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. மெல்லுவதற்கு நிகோட்டின் மிட்டாய் மாதிரி ஒன்றை எழுதிக்கொடுத்து, மெதுவாகக் குறைக்கச் சொன்னார்.

அப்படியும் மனசு கேட்கவில்லை. ராத்திரி மச்சினனுக்குப் போன் போட்டேன். வருகிறவர்கள் யாரிடமாவது கொஞ்சம் குச்சி கொடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். மனைவி பக்கத்தில் நின்று மருத்துவர் சொன்னதையெல்லாம் தம்பியிடம் சொன்னாள். நான் மறுபடி போனை வாங்கினேன்.

“மாமா, நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க குடுத்தேன். இனி அனுப்ப மாட்டேன். நானும் உட்டர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்தே உடுவோமுங்க.”

அன்று அவன் மேல் எரிச்சல்தான் வந்தது. ஆனால் சொன்னபடி தினமும் வேலை முடிந்ததும் கூப்பிட்டான். “இன்னைக்கு எப்படீங்க மாமா?” சில நாள் அவன் குரலிலேயே தெரியும், அங்கேயும் பாடுதான் என்று. ஒரு சாவு வீட்டில் நான் சிகரெட் வாங்கிக் குடித்துவிட்டேன். சொன்னேன். அவன் திட்டவில்லை. “சரிங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று இன்றும் தெரியவில்லை.

பட்டறையாட்களும் நான் கத்தின நாட்களைப் பொறுத்துக்கொண்டார்கள். மனைவி ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இவர்கள் யாரும் இல்லாமல் என்னால் விட்டிருக்க முடியாது.

இந்தப் பொங்கலுக்கு மச்சினன் வந்திருந்தான். மூவரும் மோகனூர் ஆற்றுக்குப் போய்விட்டு டீ குடிக்க நின்றோம். பக்கத்தில் ஒருவர் பற்றவைத்தார். வாசம் இன்னமும் நன்றாகத்தான் இருந்தது. நானும் மச்சினனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். மனைவி எங்கள் டீ கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கம் நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.