அத்தான் கயிற்றைச் சுண்டியபோது

என் அக்காள் புருஷன் சூசை, கடலுக்கடியில் நின்று கயிற்றைச் சுண்டினார். கயிறு என் கையில் இருந்தது. நான் தூக்கவில்லை.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இதை மறைத்துக்கொண்டு அதைச் சொன்னால் பொய்யாகிவிடும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். முன்பெல்லாம் ஒரே ஊரில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் தொடங்கின மறு வருஷம் அது. தூத்துக்குடிக் கடலில் சங்கு குளி, அதாவது மூழ்கிச் சங்கெடுப்பது, நடந்துகொண்டிருந்தது. குளிக்கிறவனுடைய கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிப்பது நம் வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் மனசு வைக்கமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் அத்தான் தினமும் கனத்துக்குக் கட்டிய கல்லில் காலை ஊன்றி இறங்குவார். மூச்சு முட்டியதும் கயிற்றைச் சுண்டுவார். நான் தூக்குவேன்.

அந்த வருஷம் அத்தானுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. முதலில் கரையில். யாரும் இல்லாத பக்கம் திரும்பிப் பதில் சொல்லுவார். வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டி தன் சோற்றில் விஷம் வைத்துவிட்டார் என்று இரண்டு நாள் பட்டினி கிடந்தார். பிறகு தண்ணீருக்குள்ளும் கேட்டது. இறங்கின உடனே சுண்டுவார். தூக்கினால் சங்கு போட இடுப்பில் கட்டிய மடிப்பை காலியாக இருக்கும். கீழே யாரோ தன் பேரைச் சொல்லி ஏசுகிறான் என்பார். வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏலே லாசரு, ஒங்க அத்தான் சங்கு எடுக்கப் போறாரா, சம்பந்தம் பேசப் போறாரா?" என்று ஒருவன் கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாசி மாதம் ஒரு காலை. ஐந்து தடவை அப்படிச் சும்மா தூக்கியாயிற்று. ஆறாவது தடவை அவர் சுண்டியது என் கைக்கு மட்டும்தான் தெரியும். இப்போதும் தூக்கினால் சிரிப்பார்களே என்று, கொஞ்சம் கிடக்கட்டும் என விட்டேன். மறுபடி சுண்டினார். அதன்பிறகு கயிறு அசையவில்லை. அப்போதுதான் பயந்துபோய்த் தூக்கினேன். மூக்கிலும் காதிலும் ரத்தம். மடிப்பையில் நாலு சங்கு இருந்தது.

கரையில் எல்லோரும் கேட்டார்கள். அவர் சுண்டவே இல்லை என்றேன். அத்தான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

அதன்பின் நோய் முற்றியது. வலையைக் கிழித்தார். தெருவில் ஓடினார். கடல் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். எனக்கு அது வசதியாக இருந்தது. தெற்கே ஒரு கோயிலுக்குக் கொண்டுபோய் மரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டோம். பூட்டிய கை என்னுடையது. ஒரு வாரத்தில் திரும்பி வருகிறேன் என்று அக்காள் ரோசம்மாவிடம் சொல்லிவிட்டுக் கொழும்புக்குத் தோணி ஏறினேன்.

இரண்டு வருஷம் அங்கே துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். கள்ளும் குடித்தேன். கோயில் வாசலை மிதிக்கவில்லை. பிறகு ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் காலையில் ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்தது. மூட்டைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தேன். காதுக்குள் அத்தானுக்குக் கேட்டதைப்போல ஒரே இரைச்சல். உயிரைக் காப்பாற்று என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. "சர்வேசுரா, அத்தானிடம் என் வாயால் உண்மையைச் சொல்ல ஒரு நாள் கொடு" என்று மட்டும் கேட்டேன். வேறு செபம் வாயில் வரவில்லை.

கொடுத்தார். என்மேல் ஒரு கீறல் இல்லை. கிடைத்த தோணியில் ஊர் வந்தேன்.

அக்காள் உப்பளத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அத்தானைக் கட்டிப்போட்ட இடத்தில் மூன்று நாள் சண்டை போட்டுச் சங்கிலியைக் கழற்றிக் கூட்டி வந்திருந்தாள். தர்ம ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், இது பேய் இல்லை, நோய் என்று சொன்னாராம். குரல்கள் போகாமலே இருக்கலாம். வேளைக்குச் சோறு, நல்ல தூக்கம், கைக்கு ஒரு வேலை, ஏச்சு இல்லாமை, இவை இருந்தால் மனுஷன் மனுஷனாக இருப்பான் என்றாராம். முதல் மூன்றையும் அக்காள் கொடுத்தாள். ஏச்சு வெளியிலிருந்து வந்தது. கிணற்றில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்தினார்கள். பூசையில் அத்தான் முழங்காலிட்ட இடத்தைச் சுற்றிக் காலியாகக் கிடந்தது. அதனால் அவர் வெளியே வருவதை விட்டுவிட்டார்.

அக்காள் என்னைப் பார்த்து அழவில்லை. "வா. சோறு கெடக்கு. அவருக்குப் போட்டுட்டு நீ சாப்புடு" என்றாள்.

அத்தான் மூலையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சோற்றை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அத்தான், அன்னைக்கு நீங்க சுண்டுனீங்க. ரெண்டு தடவ. நாந்தான் தூக்கல. கரையில சொன்னது பொய்."

வலை ஊசி நின்றது. "நெசமாவே சுண்டுனேனா?"

"ஆமா அத்தான்."

"அது கொரலு சொன்னது இல்லயே?"

"இல்ல."

அவர் அழுதார். "ரெண்டு வருசமா இதத்தாம்லே யோசிச்சிக்கிட்டு கெடக்கேன். சுண்டுனேன்னு என் கை சொல்லுது. நீ இல்லன்னுட்ட. அப்ப என் கையும் எங்கிட்ட பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எதலே நம்புறது?"

நோயை நான் கொண்டுவரவில்லை. ஆனால் எது மெய், எது பொய் என்று தவித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து கையில் மிச்சமிருந்த ஒரு மெய்யையும் பிடுங்கிக்கொண்டேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார் பரிகாரமாகச் செபமாலை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. கரையில் பொய் சொன்னாய், கரையிலேயே உண்மையைச் சொல் என்றார்.

அடுத்த சங்கு குளி தொடங்கின அன்று சம்மாட்டி முன்னால் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஒரு கிழவர் என் காலடியில் துப்பினார். அது எனக்குச் சேரவேண்டியதுதான். அத்தானுக்கு வள்ளத்தில் இடம் கேட்டேன்.

"கெட்டிக்காரன்லே நீ. பைத்தியத்தக் கடல்ல எறக்கி நான் பழி சொமக்கணுமா?" என்றார் சம்மாட்டி.

"அவரு எறங்க வேண்டாம். நான் எறங்குதேன். அவரு கயிறு பிடிக்கட்டும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "ஒன் உசிரு, ஒன் பாடு" என்று சொல்லி ஏற்றிக்கொண்டார்.

நான் குளித்துப் பழகாதவன். தேவமாதாவை வேண்டிக்கொண்டு இறங்கினேன். தரையில் கால் படுவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாரோ என்ற நினைப்பு. பைத்தியம் என்று அவர்கள் வைத்த பெயரால்தான் நானும் அவரை நினைத்தேன். மூச்சு நிறைய இருந்தும் சுண்டிவிட்டேன்.

சுண்டின கையோடு மேலே போய்க்கொண்டிருந்தேன்.

வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்து வள்ளம் முழுக்கச் சிரித்தது. பொய்யாகச் சுண்டினவனை எதற்கு இவ்வளவு வேகமாகத் தூக்கினீர் என்று ஒருவன் அத்தானைக் கேலி செய்தான்.

அத்தான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "சுண்டுனா தூக்கணும். மேல இருக்கவனுக்கு என்னலே தெரியும்?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் கிடந்து அழுதேன்.

அன்றிலிருந்து ஐந்து சீசன் அத்தான் கயிறு பிடித்திருக்கிறார். இப்போது மற்றவர்களும் அவர் கையில் கயிற்றைக் கொடுக்கிறார்கள். குரல்கள் போகவில்லை. ஏதாவது கேட்டால், "ரோசம்மா, ஒனக்கும் கேக்குதா?" என்பார். இல்லை என்பாள். "அப்ப சரி" என்று வேலையைப் பார்ப்பார். சில மாதம் அதுவும் பலிக்காது. அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கயிறு பிடிக்கையில் குரல் கேட்காதா என்று ஒருநாள் கேட்டேன். "கேக்கும். ஆனா கயிறும் பேசுதுல்லா, நான் கயித்துக்குத்தான் பதில் சொல்லுவேன்" என்றார்.

நான் பக்கத்திலிருக்கும் ஏரல் சந்தைக்கு அப்பால் போய் ஐந்து வருஷமாகிறது. கால் அரிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் இருக்கிறேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று சுவாமியார் சொல்லுகிறார். அத்தானும் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. ஆனாலும் அவர் காதோரம் காய்ந்த அந்த ரத்தம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை, போகவேண்டாம்.

நான் ஒரே ஒரு நாள்தான் கேட்டேன், சர்வேசுரன் இவ்வளவு நாளைக் கொடுத்தார். அவருக்குத் தோத்திரம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். வெட்கப்பட்டு அவரை மறைக்காதீர்கள். உங்களிடம் பூட்டு இருந்தால், என்னைப்போல் குண்டு விழும்வரை காத்திருக்கவேண்டாம். இன்றைக்கே செபம் செய்துவிட்டுத் திறந்துவிடுங்கள். அவர் சுண்டும்போது மெய்யா பொய்யா என்று பார்க்காதீர்கள். தூக்கிவிடுங்கள்.