சாப்பிட்ட பிறகுதான் சொல்வார்கள்

லண்டனில் நான் நடித்துப் பிழைத்த காலத்தில் என்னை ஒரு தரமாவது கல்லாவுக்குப் பின்னால் நிற்க வைக்காத இயக்குநர் இல்லை. தொலைக்காட்சியில் பத்திரிகைக் கடைக்காரன். மேடையில் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரன். மறுபடி தொலைக்காட்சியில் டாக்டர், அதுவும் ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிற டாக்டர். உன்னுடைய ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். கொஞ்சம் உங்கள் ஊர்க்காரர் மாதிரிப் பேசு என்றார். எங்கள் ஊர்க்காரர் எப்படிப் பேசுவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை. அவர் நினைத்துவைத்திருந்த மாதிரியே பேசிவிட்டு வந்தேன்.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்து ஆட்கள் நாங்கள் சில பேர் கிழக்கு லண்டனில், மனோர் பார்க்கில் ஒரு வீட்டை எடுத்து ஒன்றாக இருந்தோம். ஒரு நாள் பின்னேரம் ஒத்திகை முடிந்து வந்தபோது, எங்களில் மூத்தவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர், சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்கிறவர். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. எனக்குச் சோறு போட்டுத் தந்தார். தந்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றார். நான் அன்றைய ஒத்திகையில் நடந்த கூத்துகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். இன்னொரு கரண்டி குழம்பும் கேட்டு வாங்கினேன். கை கழுவித் துடைத்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"உங்கட அப்பா போயிட்டார் தம்பி. மத்தியானம் போன் வந்தது."

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. செத்த செய்தியை நேரே சொல்லமாட்டார்கள். சொன்ன பிறகு தொண்டைக்குள் ஒன்றும் இறங்காது, அடுப்பும் எரியாது. அதனால் முதலில் சாப்பிட வைப்பார்கள், பிறகு சொல்வார்கள். அன்றிலிருந்து யாராவது என் முன்னால் தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றால் யார் போனது என்றுதான் எனக்குக் கேட்க வரும்.

கொஞ்ச நாளில் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த தகப்பனாக நடிக்கக் கூப்பிட்டார்கள். செய்தியைக் கேட்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் விழ வேண்டுமாம். விழுந்தேன். இன்னும் பெரிதாக வேண்டும் என்றார் இயக்குநர். திரும்பவும் விழுந்தேன். அவருக்குத் திருப்தி வரும்வரைக்கும் விழுந்து எழும்பினேன். அவரில் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் முழுக்க அடங்கவில்லை. என்றைக்காவது ஒரு படத்தை நானே எடுப்பது என்று அந்தத் தரையில் கிடந்தபோதுதான் முடிவு செய்தேன்.

அந்த என்றைக்காவது, தொண்ணூறுகளில் வந்தது. அரை மணி நேரப் படம். லண்டனில் இருக்கும் ஒரு தாய், ஊரில் சண்டைக்குள் அகப்பட்ட மகனைப் பற்றிய செய்திக்காகக் காத்திருக்கிறாள். கடைசியில் போன் வருகிறது. அவள் வீறிட்டுக் கத்தி விழுகிறாள். ஆம், இவ்வளவு பேசுகிற நானும் ஒரு கத்தலைத்தான் எழுதியிருந்தேன்.

தாயாக நடிக்க ஓர் அக்கா கிடைத்தார். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலையில் வேலை. கோயில் மண்டபங்களில் நடக்கும் நாடகங்களில் அவர் மேடையேறினால் பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடுவார்கள். இழவுக் காட்சியில் நடிக்கக்கூடாது, அது வீடு தேடி வரும் என்று அவருடைய சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். "நடிச்சா நடக்குமெண்டா, எனக்கு லொத்தர்ல காசு விழுந்த மாதிரியும் ஒருக்கா நடிக்கிறன்" என்று சொல்லி அவர்களின் வாயை அடைத்தார். அவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தம்பி இருந்தான். தாய் இல்லாமல் இவர் தூக்கி வளர்த்தவன். சின்னவன் என்றுதான் சொல்வார். அவனை எப்படியாவது லண்டனுக்கு எடுத்துவிட வேண்டும் என்பதுதான் ஓய்வு நேரத்தில் அவருடைய ஒரே கதை.

கடைசி நாள் படப்பிடிப்பு, மாரிகாலத்து ஞாயிற்றுக்கிழமை. மனோர் பார்க்கில் என் சிநேகிதனின் வீட்டு முன்னறை. இரவல் கமராவை மறுநாள் காலை திருப்பிக் கொடுக்க வேண்டும். படச்சுருள் ஒன்றுதான் மிச்சம். யன்னல் வெளிச்சமோ பின்னேரம் ஆகும்முன்பே போய்விடும். காலையிலிருந்து எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அக்கா மத்தியானம் சாப்பிடவில்லை. "வயிறு நிறைஞ்சா அழுகை வராது. எடுத்த பிறகு சாப்பிடுறன்" என்றார். அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

அவர் மேல் அறையில் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. படத்தில் அடிக்க வேண்டிய அதே போன், அந்த வீட்டுப் போன்தான். கழற்றி வைக்க மறந்திருந்தோம். எடுத்தேன். அக்காவின் கணவர், பார்க்கிங் என்ற ஊரில் இருந்த அவருடைய கடையிலிருந்து பேசினார்.

"தம்பி, அவ பக்கத்தில நிக்கிறாவோ?"

"இல்லை, மேல நிக்கிறா. என்ன அண்ணை?"

"சின்னவன் போயிட்டான். ஷெல் விழுந்ததாம். கொழும்பிலயிருந்து இப்பதான் எடுத்துச் சொன்னவை." மூச்சு வாங்கினார். "நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவ சாப்பிட்டவவோ?"

"இன்னும் இல்லை."

"எப்பிடியாவது சாப்பிட வையுங்கோ. நான் வாறன்."

போனை வைக்கும்போதே படியில் அக்காவின் காலடி கேட்டது.

"ஆர் போன்ல?"

"பிழையான நம்பர் அக்கா."

மேடை, தொலைக்காட்சி என்று அத்தனை வருடம் நடித்தவன். ஒரு பிழையான நம்பரை நம்பும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் குரல் எனக்கே பிசகாகக் கேட்டது.

"அக்கா, முதல்ல சாப்பிட்டிட்டு எடுப்பம்" என்றேன்.

"வெளிச்சம் போகுது, வெளிச்சம் போகுது எண்டு காலமையிலயிருந்து கத்தினது நீங்கள்தானே?"

"பரவாயில்லை. நீங்கள் இருங்கோ."

குசினிக்குள் போய்ச் சோறு போட்டேன். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். குழம்பு தட்டின் விளிம்பில் வழிந்தது, துடைத்தேன். படப்பிடிப்புத் தொடங்கிய நாளிலிருந்து ஒருத்தருக்கும் ஒரு தேத்தண்ணீர்கூட ஊற்றிக் கொடுக்காத ஆள் நான். அந்த நான் தட்டை ஏந்திக்கொண்டு வந்து அவர் முன்னால், போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். கமராவில் ஏதாவது வேலை இருப்பதுபோல் காட்டியிருக்க வேண்டும். நகர முடியவில்லை. அன்றைக்கு அண்ணை நின்றமாதிரியே நின்றேன்.

அக்கா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"ஆர்?"

"சாப்பிடுங்கோ அக்கா."

"எங்கட பக்கமோ, என்ர மனுசன்ர பக்கமோ?"

"அவர் வந்துகொண்டிருக்கிறார். நீங்கள் சாப்பிடுங்கோ."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கையைத் தட்டில் வைத்தார். சோற்றைப் பருப்போடு குழைத்தார், குழைத்ததையே திரும்பவும் குழைத்தார். சின்னச் சின்ன வாயாக எடுத்தார். ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று விழுங்கினார். அழவில்லை. சாப்பாடு முடிகிறவரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதுவரைக்கும் ஊரில் எல்லாரும் உயிரோடுதான் இருப்பார்கள். அந்தத் தட்டை அவர் முடிக்க விரும்பவில்லை என்பது எனக்கு விளங்கியது.

கமராக்காரர் வெள்ளைக்காரர், நல்ல மனுசன், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஒத்திகை நடக்கிறது என்று நினைத்திருப்பார். யன்னலின் கடைசி வெளிச்சம் அக்காவின் முகத்தில் ஒரு பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. கமராக்காரர் கமராவில் கண்ணை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தால் போதும்.

பொய் சொல்லமாட்டேன், எனக்கு ஆசை வந்தது. இப்படி ஒரு முகத்தை என் ஆயுளில் வேறு எந்த நடிகையிடமும் வாங்க முடியாது என்று தெரிந்தது. நாளைக்குக் கமரா இல்லை. இந்தப் படம் இல்லையென்றால் நான் மறுபடியும் கல்லாவுக்குப் பின்னால்தான். இரண்டு எட்டு வைத்துப் போய் உள்ளங்கையால் லென்ஸை மூடினேன். கமராக்காரர் என்னை ஒரு விசரனைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை.

கணவர் கோட்டோடு வந்து வாசலில் நின்றார். அக்கா திரும்பிப் பார்க்காமல் இடது கையைத் தூக்கினார். "இருங்கோ." தட்டை வழித்து முடித்தார். எழுந்துபோய்க் கை கழுவினார். துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார்.

"இப்ப சொல்லுங்கோ."

"சின்னவன்" என்றார் அவர்.

"எப்ப?"

"போன கிழமையாம். பாதையில்லாமல் செய்தி இப்பதான் வந்திருக்கு."

"போன கிழமை முழுக்க நான் வசனமெல்லோ பாடமாக்கினனான்" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார். நான் எழுதியிருந்த கத்தல் அதில் எங்கேயும் இல்லை. கமராக்காரரையும் மற்றவர்களையும் வெளியே அழைத்துக்கொண்டு போய்த் தெருவில் நின்றேன்.

படத்தை அதோடு விட்டுவிட்டேன். நான்தான் இழவைக் கூட்டி வந்தவன் என்று சனம் கதைத்தது. கோயிலில் தெரிந்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்காவும் அப்படி நினைத்துவிட்டாரோ என்பதுதான் என்னைத் தின்றது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் போய், அங்கே வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறினேன். அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

கொஞ்ச நாளில் போன் எடுத்தார்.

"எப்ப மிச்சத்தை எடுக்கிறியள்?"

"எடுக்கேல்லை அக்கா. விட்டிட்டன்."

"உங்களுக்கென்ன விசரே? ஆனா அந்தக் கத்தலை வெட்டுங்கோ. எந்தத் தாய் அப்பிடிக் கத்தினவ? ஒரு தட்டை வையுங்கோ, நான் சாப்பிடுறன்."

கெஞ்சிக் கேட்டுக் கமராவை இன்னொரு நாளைக்கு இரவல் வாங்கினேன். அதே முன்னறை, அதே யன்னல், அதே கமராக்காரர். இந்த முறை ஏற்பாடு இதுதான்: அக்கா சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து கதிரையில் இருப்பார். நான் கை காட்டுவேன். கணவனாக நடிப்பவர் கோட்டோடு உள்ளே வந்து மகனைப் பற்றிய அந்த ஒரு வசனத்தைச் சொல்லுவார். அவர் கதவுக்கு வெளியில் தயாராக நின்றார்.

கமரா ஓடத் தொடங்கியது. அக்கா குழைத்தார், மென்றார், விழுங்கினார். நான் கமராவுக்குப் பின்னால் நின்றேன். இதைச் செய்ய வைக்க நான் யார் என்று ஒரு பக்கம் மனம் அடித்தது. தட்டில் இன்னும் இரண்டு வாய்தான் இருக்கும். கதவுக்கு வெளியே நின்றவருக்குத் தெரியும்படி கையைத் தூக்க ஆயத்தமானேன்.

அக்கா கமராவைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ."

கதையில் அப்படி ஒரு வசனம் இல்லை. கமராக்காரர் என் பக்கம் திரும்பினார், ஆனால் நிறுத்தவில்லை. தூக்கிய கையை இறக்கினேன். குசினிக்குள் போய்ச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, கமராவுக்கு முன்னால் போய், அவருடைய தட்டில் சோறு போட்டேன். அவர் திரும்பவும் குழைக்கத் தொடங்கினார். சுருள் தீர்ந்து கமரா தானாக நிற்கும்வரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் படத்தை நான் அந்த இடத்திலேயே முடித்துவிட்டேன். அதில் கடைசியில் சோறு போடுகிற கை என்னுடையது, முகம் தெரியாது. இத்தனை வருடம் நடித்ததில் வெட்கப்படாமல் நான் பார்க்கக்கூடிய ஒரே வேடம் அதுதான்.

அன்றைக்குக் கமரா நின்றதும் அக்கா நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

"வெளியில நிக்கிறவரைப் போகச் சொல்லுங்கோ" என்றார். "படத்திலயாவது ஒருத்தரும் வந்து சொல்லவேண்டாம்."