தோணி முடிச்சில் கட்டிய ஸ்பீக்கர் பெட்டி

எங்கள் ஊர் தோணிரேவு. எளாவூர் பக்கம் எங்கள் பழைய காரின் பின்னால் ஒரு லாரி இடித்தது. பின்கண்ணாடிக்குக் கீழே பலகையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டி. அன்றைக்குப் பந்தல் நனையும் அளவுக்கு மழை. அது கிடக்கட்டும்.

அறுந்த ஒயரை மெக்கானிக் சரிசெய்தார். பெட்டியை நானே கயிற்றால் கட்டினேன். கைப்பழக்கத்தில் தோணிக்குப் போடும் முடிச்சையே போட்டுவிட்டேன். நுனியை இழுத்தால் சட்டென்று அவிழும்.

மறுநாள் மருமகன் கார் ஓட்ட, நண்டுக் கூடையோடு பொன்னேரிக்குப் போனோம். ரோட்டுப் பள்ளத்தில் கார் குலுங்க, பின்சீட்டில் இருந்த என் மனைவி தொங்கிய கயிற்று நுனியைப் பிடிமானத்துக்குப் பிடித்திருக்கிறாள். முடிச்சு அவிழ்ந்தது யாருக்கும் தெரியாது. அனுப்பம்பட்டு அருகே மாடு குறுக்கே வர, மருமகன் பிரேக் போட்டார். சாய்ந்த நண்டுக் கூடையைப் பிடிக்க அவள் குனிந்தாள். பெட்டி அவள் தலைக்கு மேலே பறந்து முன்சீட்டில் மோதியது.

"என்னிய கொல்லப் பாத்தியா, மனுசா?" என்றாள். எனக்கு அப்புறம்தான் மூச்சே வந்தது.

"இன்னா பெரியவரே, காரைத் தோணினு நென்ச்சுக்கினியா?" என்று, திரும்பக் கொண்டுபோன காரைப் பார்த்துச் சிரித்த மெக்கானிக், இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கினார்.

இப்போது கிளம்பும் முன் பெட்டியை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்க்கிறேன். அவளும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.